எழுத்தாளர் தியான முகாம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிறிஸ்தவ எழுத்தாளர்களுக்கான வார இறுதி தியான முகாமுக்குப் பெயர் கொடுத்தவர்களும், கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. இத்தகைய முகாம்களை நடத்துவதிலும் எழுத்தாளர்களின் படிகளை, அதாவது எழுத்துப் பிரதிகளை, திருத்துவதிலும் பழகிய எங்கள் ஆசிரியர் குழுவினர் பதில் எழுதியிருக்கிறார்கள்.

வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் முடியும் முகாமுக்குப் போகிறேன். நாவலில் மூன்று அத்தியாயங்கள் பாக்கி இருக்கின்றன. வீட்டுத் தொந்தரவு இல்லாமல் அங்கே முடித்துவிடலாம்தானே?
– ஒரு வாசகி

முடியாது, சகோதரி. நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளி மாலை 6 மணியிலிருந்து ஞாயிறு மதியம் 1 மணி வரை மொத்தம் 43 மணி நேரம். இரண்டு இரவுத் தூக்கத்துக்கு 16 மணி போய்விடும். சாப்பாட்டுக்கும் தேநீர் இடைவேளைக்கும் ஆறரை, காலை மாலை ஜெபத்துக்கும் ஞாயிறு ஆராதனைக்கும் ஐந்து, வகுப்புகளுக்கு நாலரை, படிகளை வாசித்துக் கருத்துச் சொல்லும் குழுவுக்கு மூன்று, அறிமுகத்துக்கு ஒன்று. மிச்சம் 7 மணி நேரம்தான். அதுவும் ஒரே துண்டாகக் கிடைக்காது. சனிக்கிழமை காலையில் கொஞ்சம், மதியத்துக்குமேல் கொஞ்சம், ஞாயிறு விடியற்காலையில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும்.

முதல் வரைவு எழுதும்போது மணிக்கு 300 முதல் 400 சொல் வந்தால் நல்ல வேகம். அப்படிப் பார்த்தால் இரண்டாயிரத்துச் சொச்சம் சொற்கள் தேறும். ஒரு அத்தியாயத்தின் கடினமான காட்சி ஒன்றுக்கு அது போதும். எந்தக் காட்சியை எழுதப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறீர்களோ, அதை மட்டும் எடுத்துப் போங்கள். மற்ற இரண்டு அத்தியாயங்களையும் வீட்டில் வழக்கமான இரைச்சலுக்கு நடுவிலேயே எழுதிவிட முடியும். முகாமின் அமைதியை அவற்றுக்குச் செலவழிக்க வேண்டாம்.

எல்லா வகுப்புகளையும் விட்டுவிட்டு அறையிலேயே உட்கார்ந்து எழுதலாமே என்று சிலர் நினைப்பார்கள். அப்படி இடம் தரும் முகாம்களும் உண்டு. விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். எதையும் விடலாம், குழுவை மட்டும் விடாதீர்கள். உங்களுக்காகப் படித்துவிட்டு வந்தவர்கள் அங்கே காத்திருப்பார்கள்.

விண்ணப்பத்தில் 'மாதிரிப் படி 1,500 சொல்' என்று கேட்டிருக்கிறார்கள். எதை அனுப்புவது? கையோடு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
– ஓர் ஆசிரியர்

ஏற்கெனவே அச்சாகிப் பாராட்டுப் பெற்றதை அனுப்பாதீர்கள். மாற்ற முடியாததைப் பற்றி யார் என்ன சொல்லியும் பயனில்லை. நேற்று இரவு எழுதிய சூடு ஆறாத படியும் வேண்டாம். அதன்மேல் வரும் ஒவ்வொரு சொல்லும் சுருக்கென்று தைக்கும். எழுதி மூன்று நான்கு வாரம் ஆன, ஒருமுறை நீங்களே திருத்திய, ஆனால் ஏதோ ஓர் இடத்தில் சிக்கி நிற்கிற படிதான் சரி. கதை நடுவிலிருந்து எடுத்த பகுதி என்றால் மேலே மூன்று வரியில் முன்கதை கொடுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டால் கோளாறு படியில் இருக்கிறது.

கணினியில் அனுப்புகிறவர்கள் எழுத்துருவில்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள். மாற்றியபின் ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள். மாற்றும் செயலிகள் கொம்பையும் காலையும் இடம்மாற்றிவிடுவது உண்டு. வேர்டு கோப்போடு பிடிஎஃப் ஒன்றும் சேர்த்து அனுப்பினால் கவலையே இல்லை.

குழுவில் ஐந்து பேர் என்றால் உங்களுக்கும் சேர்த்து ஐந்து அச்சுப்படி தேவை. 12 புள்ளி எழுத்து, வரிகளுக்கு நடுவே ஒன்றரை இடைவெளி, வலப்பக்கம் 4 செ.மீ. வெற்றிடம், ஒவ்வொரு வரிக்கும் எண். வரி எண் சின்ன விஷயமாகத் தோன்றும். அது இல்லாவிட்டால் 'அந்த ரெண்டாவது பத்தியில, இல்ல மூணாவது' என்றே உங்கள் நேரத்தில் பாதி போய்விடும். இவற்றோடு வேதாகமம், நோட்டு, இரண்டு பேனா, மின்னிணைப்பு நீட்டிப்புக் கம்பி, அறைத்தோழரின் தூக்கம் கெடாமல் எழுத ஒரு சிறு விளக்கு. ஆராய்ச்சிப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டாதீர்கள். தேவையான பக்கங்களைக் குறிப்பெடுத்துப் போங்கள்.

குழுவில் என் கவிதையைப் பற்றி ஒருவர் குறை சொன்னார். 'இது ஜெபத்தில் ஆண்டவர் கொடுத்தது, ஒரு வார்த்தையும் மாற்ற மாட்டேன்' என்றேன். எல்லோரும் மௌனமாகிவிட்டார்கள். நான் சொன்னது தவறா?
– ஒரு வாசகர்

உங்கள் ஜெபத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு குழுவில் யாராலும் பேச முடியாது. கவிதையில் குறை சொன்னால் ஆண்டவரையே குறை சொன்னதுபோல் ஆகிவிடுகிறது. அதனால்தான் அந்த மௌனம்.

வேதத்தைத் திறந்து பாருங்கள். லூக்கா தன் சுவிசேஷத்தின் முதல் நான்கு வசனங்களிலேயே, எல்லாவற்றையும் ஆதிமுதல் திட்டமாய் விசாரித்து ஒழுங்காக எழுதத் தீர்மானித்ததாகச் சொல்கிறார். எரேமியா 36ஆம் அதிகாரத்தில் யோயாக்கீம் ராஜா சுருளை அறுத்துத் தீயில் போட்டுவிடுகிறான். எரேமியா சொல்லச் சொல்லப் பாருக் மறுபடியும் எழுதுகிறான்; அந்த இரண்டாம் சுருளில் முன்பு இருந்தவற்றோடு அதைப்போன்ற இன்னும் அநேக வார்த்தைகள் சேர்க்கப்பட்டன என்று அதிகாரத்தின் கடைசி வசனம் சொல்கிறது. விசாரித்து எழுதுவதும், எழுதியதை மறுபடி எழுதுவதும் விசுவாசக் குறைவு அல்ல.

குழு நன்றாக நடக்க ஒரு முறை இருக்கிறது. ஒருவருக்கு 25 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் எழுதியவர் 500 சொல் அளவில் சத்தமாக வாசிக்கிறார். அடுத்து இரண்டு நிமிடம் எல்லோரும் குறிப்பெடுக்கிறார்கள். பிறகு 13 நிமிடம் மற்றவர்கள் பேசுகிறார்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, எழுதிக்கொள்ள மட்டும் செய்யலாம். கடைசி ஐந்து நிமிடம் அவருடையது: பதில் சொல்ல அல்ல, கேள்வி கேட்க. வாய் திறக்காத அந்த 13 நிமிடம்தான் கஷ்டம், பலனும் அதில்தான். புத்தகம் வாசகர் கைக்குப் போனபின் நீங்கள் பக்கத்தில் நின்று விளக்கப் போவதில்லை.

இன்னும் இரண்டு இடங்களில் குழு தடம் புரளும். ஒன்று, 'ரொம்ப ஆசீர்வாதமா இருந்தது' என்று ஆளாளுக்குச் சொல்லி முடித்துவிடுவது. எந்த வரியில், ஏன் என்று வழிநடத்துபவர் கேட்டே ஆக வேண்டும். மற்றொன்று, ஞானஸ்நானம், அந்நியபாஷை, பரிசுத்தவான்களிடம் மன்றாடுவது என்று ஏதாவது ஒன்றை ஒருவர் தொட, விவாதம் உபதேசத்துக்குத் தாவிவிடுவது. அப்போது, 'ஆசிரியர் நம்புவதை வாசகர் புரிந்துகொள்ளும்படி எழுதியிருக்கிறாரா?' என்ற கேள்விக்கு எல்லோரையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்த நம்பிக்கை சரியா என்று பேச வேறு மேடைகள் இருக்கின்றன.

என் சாட்சியை எழுதி அனுப்பினேன். 'உணர்ச்சி இருக்கிறது, ஆள் இல்லை' என்று குறிப்பு வந்தது. ஒரு பகுதியை இணைத்திருக்கிறேன். என்ன குறை?
– ஒரு செவிலியர்

நீங்கள் அனுப்பிய வரி: 'அந்தக் கொடிய வியாதியின் பாதாளத்திலிருந்து கர்த்தர் தம்முடைய பலத்த கரத்தினால் என்னைத் தூக்கியெடுத்துக் கன்மலையின்மேல் நிறுத்தினார்.'

இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் குழியிலிருந்து தூக்கியெடுப்பதும் கன்மலையின்மேல் நிறுத்துவதும் 40ஆம் சங்கீதத்தில் இருப்பவை. உங்கள் கட்டில், உங்கள் காய்ச்சல், உங்கள் வீட்டார் யாரும் இந்த வரிக்குள் வரவில்லை. இதே வாக்கியத்தை வேறு எவருடைய சாட்சியிலும் வைக்கலாம், பொருந்தும். குறிப்பு எழுதியவர் 'ஆள் இல்லை' என்றது இதைத்தான்.

கடிதத்தின் பின்பகுதியில் போகிறபோக்கில் நீங்கள் சொல்லியிருக்கும் தகவல்களை மட்டும் வைத்து எழுதிப் பார்த்தோம்: 'பதினோராம் நாள் காலையில் இரண்டு வாய் தண்ணீர் இறங்கியது. அம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து கட்டிலோரம் முழங்காலிட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.' இங்கே கிருபை என்ற சொல் வரவில்லை. ஆனாலும் வாசிப்பவருக்கு அது தட்டுப்படும். கடைசி வாக்கியத்தைச் சபையில் சொல்லக் கூச்சப்பட்டிருப்பீர்கள். சாட்சிக்கு உயிர் அதில்தான் இருக்கிறது.

வேதாகம நடை நம்மில் பலருக்குத் தாய்ப்பாலோடு வந்தது. அதைக் கைவிடச் சொல்லவில்லை. வசனத்தை மேற்கோளாகச் சொல்லும் இடத்தில் அது ஒலிக்கட்டும். நடந்ததைச் சொல்லும் இடத்தில் உங்கள் வீட்டுப் பேச்சு வரட்டும். ஒரு பயிற்சி சொல்கிறோம். ஒரு பக்கத்தை எடுத்து, ஆலயத்தில் மட்டும் புழங்கும் சொற்களுக்கெல்லாம் கீழே கோடிடுங்கள். ஒரு பத்தியில் மூன்றுக்குமேல் கோடு விழுந்தால், அந்தப் பத்தியில் கண்ணால் கண்டது, காதால் கேட்டது ஒன்றையாவது சேர்த்துத் திரும்ப எழுதுங்கள்.

முகாமில் எல்லாச் சபையாரும் வருவார்களாம். நான் கத்தோலிக்கன். வசனங்களை எந்த மொழிபெயர்ப்பிலிருந்து காட்டுவது?
– ஒரு வாசகர்

உங்கள் எழுத்து யாருக்காக என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைக் கத்தோலிக்க வாசகர்கள் நன்கு அறிவார்கள். சீர்திருத்தச் சபையார் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பில் மனப்பாடம் செய்தவர்கள். இரண்டில் எதுவானாலும் ஒரே படியில் கலக்காதீர்கள். முன்பக்கத்தில் எந்த மொழிபெயர்ப்பு என்று ஒரு வரி போடுங்கள். உங்கள் வேதாகமத்தில் 73 நூல்கள், அவர்களுடையதில் 66. அவர்களுடையதில் இல்லாத சீராக்கின் ஞானத்திலிருந்தோ மக்கபேயரிலிருந்தோ காட்டினால், எங்கிருந்து என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் தேடிக் களைத்துப்போவார்.

இதைவிட அவசரமான விஷயம் ஒன்று உண்டு. நினைவிலிருந்து வசனம் எழுதாதீர்கள். 'பணம் எல்லாத் தீமைக்கும் வேர்' என்று படிக்குப் படி பார்க்கிறோம். 1 தீமோத்தேயு 6:10 பேசுவது பண ஆசையைப் பற்றி. ஏதேனில் தின்றது ஆப்பிள் என்று ஆதியாகமம் சொல்லவில்லை. சவுல் குதிரையிலிருந்து விழுந்ததாக அப்போஸ்தலர் 9இல் இல்லை. தரையிலே விழுந்தான் என்பதோடு சரி. சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை. படங்களிலும் நாடகங்களிலும் பார்த்தது கைவழியே படிக்குள் இறங்கிவிடுகிறது. முகாமுக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு வசனத்தையும் புத்தகத்தைத் திறந்து, எழுத்துக்கு எழுத்து, நிறுத்தற்குறி உட்பட ஒப்பிடுங்கள்.

பாடல் வரிகளில் இன்னும் கவனம் தேவை. எழுதியவர் மறைந்து 50 முதல் 70 ஆண்டுகள்வரை, நாட்டுக்கு நாடு வேறுபடும் கால அளவில், பதிப்புரிமை நீடிக்கிறது. பழைய கீர்த்தனையை எடுத்தாளலாம். இன்று ஆராதனையில் பாடும் புதிய பாட்டின் நான்கு வரியைப் புத்தகத்தில் போட அனுமதி வாங்க வேண்டியிருக்கும். சபையில் எல்லோரும் பாடுகிறார்கள் என்பது அனுமதி ஆகாது.

மாலை ஜெபத்தில் ஒரு சகோதரி தன் குடும்பத்தில் நடந்ததைக் கண்ணீரோடு பகிர்ந்தார். அருமையான கதை. பெயரை மாற்றி எழுதலாமா?
– பெயர் வேண்டாம்

வேண்டாம். அது ஜெபத்துக்காகச் சொன்னது. கேட்டவர்கள் எழுத்தாளர்கள் என்பதாலேயே அது எழுதக் கிடைத்த பொருளாகிவிடாது.

உண்மையிலேயே எழுத வேண்டும் என்ற பாரம் இருந்தால், முகாம் முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து அவரிடமே கேளுங்கள். அங்கேயே கேட்டால், அந்த நெகிழ்ச்சியில் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு வருந்துவார். எழுதியதை அச்சுக்குமுன் அவருக்குக் காட்டுங்கள். பெயரை மாற்றுவது மட்டும் ஒருபோதும் போதாது. தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, ஊர், சம்பவம் நடந்த பண்டிகைக்காலம் ஆகியவற்றில் ஏதாவது மூன்று சேர்ந்தாலே அவருடைய சபையார் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் மறுத்தால் அதோடு விடுங்கள்.

எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு வரியும் வரவில்லை. அமைதியே பயமாக இருந்தது. அடுத்த முறையாவது என்ன செய்யலாம்?
– ஓர் இளம் வாசகி

வாரம் முழுக்க ஓடிவிட்டு வெள்ளி இரவு வந்து இறங்கியவருக்குச் சனிக்கிழமை காலையில் எழுத்து வராமல் இருப்பது இயல்பு, அம்மா. முதலில் வருவது தூக்கம். அதைப் பாவமாக எண்ணாதீர்கள். மாற்கு 6:31இல் ஊழியம் முடித்து வந்த சீஷர்களை இயேசு தனித்த இடத்துக்கு அழைப்பது சற்றே இளைப்பாறத்தான். சாப்பிடக்கூட அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.

தூங்கி எழுந்தபின் துறவிகள் கையாண்ட பழைய முறை ஒன்றை முயன்று பாருங்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி அதை நான்கு படிகளாக வகுத்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், ஆழ்நிலை அமைதி. ஏழெட்டு வசனத்துக்கு மேற்படாத ஒரு பகுதியை மெதுவாக இரண்டு முறை சத்தமாக வாசியுங்கள். மனம் எந்தச் சொல்லில் தங்குகிறதோ அதிலேயே பத்து நிமிடம் இருங்கள். அதைப் பற்றி ஆண்டவரிடம் பேசுங்கள். பிறகு பேச்சையும் நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். மொத்தம் 30 நிமிடம். இதன் முடிவில் கட்டுரை ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் நடுவிலேயே பேனாவைத் தேடுவீர்கள், எல்லாம் கெட்டுவிடும். ஜெபத்தை ஜெபமாக முடியுங்கள்.

அதன்பின் 45 நிமிடம் எழுத்து, 15 நிமிடம் நடை. தொடக்க வரி வராவிட்டால் முந்தைய பக்கத்தைக் கையால் அப்படியே பிரதி எடுங்கள். பாதிப் பக்கத்துக்குள் கை தானாக ஒரு சொல்லை மாற்றும், அங்கிருந்து தொடரலாம். கைபேசியை அணைத்து வழிநடத்துபவரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டாருக்கு முகாமின் அலுவலக எண்ணை முன்பே கொடுத்திருந்தால் மனம் நிம்மதியாக இருக்கும்.

முகாமில் பதிப்பாசிரியரைச் சந்திக்க 15 நிமிடம் தருகிறார்களாம். எப்படித் தயாராவது?
– ஒரு போதகர்

ஒரே ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். மேலே புத்தகம் எதைப் பற்றியது என்று இரண்டு வாக்கியம். யார் வாசிப்பார்கள் என்று ஒரு வாக்கியம். 'எல்லோரும்' என்று எழுதாதீர்கள். 'சமீபத்தில் துணையை இழந்தவர்கள்' என்பது பதில். பிறகு அதிகாரங்களின் பட்டியல், எத்தனை சொல், எவ்வளவு முடிந்திருக்கிறது, உங்களைப் பற்றி மூன்று வரி. முழுப் படியையும் மேசைமேல் வைக்காதீர்கள். அவர் கேட்டால் பிறகு அனுப்பலாம்.

போதகர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் பிரசங்கத் தொகுப்பு. பிரசங்கம் காதுக்கானது. சபையாருக்காக ஒரே கருத்தை மூன்று முறை சொல்லியிருப்பீர்கள். தாளில் அது அலுப்புத் தட்டும். ஒலிப்பதிவை அப்படியே தட்டச்சு செய்து கொண்டுவராமல், ஒரு பிரசங்கத்தையாவது பாதி நீளத்துக்குக் கட்டுரையாக மாற்றிக் காட்டுங்கள். உங்களால் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

அங்கேயே எதிலும் கையெழுத்திடாதீர்கள். அச்சுச் செலவை யார் ஏற்பது, எத்தனை படி, உரிமை யாரிடம், விற்காமல் தங்கிய படிகள் யார் தலையில் என்ற நான்கையும் எழுத்தில் வாங்கி வீட்டில் நிதானமாகப் படியுங்கள். 'ஊழியமாகச் செய்கிறோம்' என்று சொல்கிறவரிடமும் இந்த நான்கையும் கேட்கலாம். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எனக்கு 71 வயது. கணினி தெரியாது, கையால்தான் எழுதுவேன். சேர்த்துக்கொள்வார்களா?
– ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர்

தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள், ஐயா. கோடிட்ட ஏ4 தாளில் ஒரு வரி விட்டு ஒரு வரி, தாளின் ஒரு பக்கம் மட்டும், கருப்பு மையில் எழுதுங்கள். நீல மை நகலில் மங்கும். அப்படி எழுதினால் பக்கத்துக்கு ஏறக்குறைய 80 முதல் 100 சொல் வரும் என்பதால், 500 சொல் வாசிக்க ஐந்தாறு பக்கம் போதும். பக்க எண் போட்டு, முகாமுக்கு ஒரு வாரம் முன்பே நகல் எடுத்து அனுப்பிவிடுங்கள். மூலத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு இன்னொரு நகலோடு கிளம்புங்கள். படிக்கட்டு ஏற முடியாது, தரைத்தள அறை வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். கடைசி நேரத்தில் சொன்னால் அறை மாற்றுவது கடினம்.